குடல் கழுவும் பொடியும் ரேடியேட்டர் நீரும் ஒன்றா?

வைகைக்கரை: நாளை அம்மாவுக்குக் கொலனாஸ்கோப்பி. இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து இன்று மாலை குடிக்கச் சொல்லி ஒரு பொடி கொடுத்திருக்கிறார்கள். பொட்டலத்தில் 'பாலிஎத்திலீன் கிளைக்கால்' என்று இருக்கிறது. கார் கூலண்ட்டிலும் கிளைக்கால்தானே? அம்மா குடிக்க மறுக்கிறார்.

மருந்துக்கடைக்காரன்: பெயரைப் பார்த்து மிரளாதீர்கள். கூலண்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். உங்கள் பொட்டலத்தில் இருப்பது அதன் நீண்ட சங்கிலி. வழக்கமாகச் சராசரி மூலக்கூறு எடை 3350. சங்கிலி நெடுகிலும் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். குடல் அதை உறிஞ்சுவது சொற்பம். பிடித்த தண்ணீரோடு வெளியே வந்துவிடும். உடல் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

சந்தேகி: 'கண்டுகொள்வதே இல்லை' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கீல்வாதத்துக்கான பெக்லோட்டிகேஸ் அமெரிக்காவில் 2010-ல் அனுமதி பெற்றது. யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியில் இதே பாலிமரை, அதாவது இந்த நீண்ட சங்கிலி மூலக்கூறை, ஒட்டிய மருந்து. சோதனைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பலன் நிலைக்கவில்லை. காரணம், உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள்; அவை பெரும்பாலும் குறிவைத்தது நொதியை அல்ல, இந்தப் பாலிமரை!

மருந்துக்கடைக்காரன்: அது ரத்தத்தில் ஏற்றும் மருந்து, இங்கே பேசுவது குடலைப் பற்றி. ரத்தத்திலும் பயன் இல்லையா? கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் ஏற ஃபில்கிராஸ்டிம் ஊசியைத் தினமும் போட வேண்டும். மனைவிக்காக ஐஸ் டப்பாவோடு நாள்தோறும் என் கடைக்கு வந்த ஒருவரை இன்னும் நினைவிருக்கிறது. அதே மருந்தில் இந்தப் பாலிமரை ஒட்டினால் மூலக்கூறு பருத்துவிடுகிறது, சிறுநீரகத்தால் எளிதில் வடிகட்ட முடிவதில்லை. ஒரு கீமோ சுற்றுக்கு ஒரே ஊசி போதும்.

சந்தேகி: பயன் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? முகப்பூச்சிலும் மலமிளக்கியிலும் மாத்திரைப் பூச்சிலும் இது இருக்கிறது. இதற்கு ஒவ்வாமை அரிதுதான், ஆனால் கடுமையாக வரலாம். 'ஒன்றும் செய்யாது' என்று நீங்கள் அனுப்பிவைப்பவர்களில் அப்படி ஒருவர் இருந்தால்?

மருந்துக்கடைக்காரன்: சரி, 'கண்டுகொள்வதே இல்லை' என்றது தவறு. வைகைக்கரை, இதற்கு முன் எந்த மருந்துக்காவது அம்மாவுக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததுண்டா?

வைகைக்கரை: கேட்டுவிட்டேன், இல்லையாம். கூலண்ட் வேறு, இது வேறு என்றதும் சம்மதித்துவிட்டார். ஆனால் முதல் டம்ளரிலேயே குமட்டுகிறது என்கிறார்.

சந்தேகி: ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்தபின் கொடுங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டுக் குடிக்கட்டும்.