துணியும் பாட்டிலும் ஒரே பாலியெஸ்டரா?

கேள்வி: 1930இல் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான டூபாண்டின் ஆய்வகத்தில் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் பாலியெஸ்டர் இழையை உருவாக்கிய பின்பும் அதைக் கைவிட்டு நைலான் பக்கம் சென்றது ஏன்? இன்று நாம் அணியும் துணியும் குடிநீர் பாட்டிலும் அதே பொருள்தானா?

மறுமொழி 1: அதே பொருள் அன்று. கரோதர்ஸ் பயன்படுத்திய அமிலங்களின் மூலக்கூறுகள் வளையமற்ற நேர்ச்சங்கிலிகள். ஆகவே அவருடைய இழைகள் 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகின. இஸ்திரிப் பெட்டியைத் தாங்காத துணியை யார் வாங்குவார்கள்? 1941இல் இங்கிலாந்தின் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் பணியாற்றிய வின்ஃபீல்டும் டிக்சனும், பென்சீன் வளையம் (ஆறு கார்பன் அணுக்களாலான வளையம்) கொண்ட டெரெஃப்தாலிக் அமிலத்தை எத்திலீன் கிளைக்காலுடன் வினைபுரியச் செய்தனர். அவ்வளையம் சங்கிலியை விறைப்பாக்கியதால் உருகுநிலை ஏறத்தாழ 260 டிகிரிக்கு உயர்ந்தது. டெரிலீன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது அதுவே.

மறுமொழி 2: பாட்டிலும் வேதியியல்படி டெரிலீன்தான், பெட் (PET, பாலிஎத்திலீன் டெரெஃப்தாலேட் என்பதன் சுருக்கம்) என்கிறோம். சோடாவின் அழுத்தத்தைத் தாங்கும் பாட்டிலுக்கு 1973இல் காப்புரிமை பெற்றவர் டூபாண்டின் நதானியேல் வையத். இழையை ஒரே திசையில் இழுத்து வலுவாக்குவர். அவரோ நெடுக்கிலும் குறுக்கிலும் ஒருசேர நீட்டி, சங்கிலிகளை இரு திசைகளிலும் வரிசைப்படுத்தினார். என் கருத்தில், புதிய பொருளைக் கண்டறிவதற்குச் சற்றும் குறையாத கண்டுபிடிப்பு இது.

கேட்டவர்: நன்றி. அப்படியானால் கொதிநீர் ஊற்றியதும் பாட்டில் சுருங்குவது ஏன்?

மறுமொழி 2: ஏறத்தாழ 70 டிகிரியைக் கடந்ததும் சங்கிலிகள் தளர்ந்து, நீட்டப்பட்ட நிலையிலிருந்து பின்வாங்குகின்றன. துணியை ஆலையிலேயே உயர்வெப்பத்தில் நிலைப்படுத்திவிடுவதால் அது அவ்வாறு சுருங்குவதில்லை.