ஏடிவி (காடு மேட்டில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) முன் பிரேக் ஒரு பக்கமா இழுக்குது, அவசரம்

மலையோரம்:
முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. பேட் போன மாதம்தான் மாற்றினேன். நாளை காலை ரப்பர் பால் எடுக்கப் போகணும், சரிவு வேறு. என்ன செய்யலாம்?

சொத்தவிளை மணல்:
எந்தப் பக்கம்?

தக்கலை ஸ்பானர்:
என்ன வண்டி? டிரம்மா டிஸ்க்கா? கேபிளா ஆயிலா? லிவர் கட்டியாக நிற்கிறதா, பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? ஒன்றையும் காணோம். டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே தொட்டுப் பார்ப்பார்? இந்த மாதிரி கேட்கிறவர்கள் ஸ்பானரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஷீட்டுக்காரன்:
பிரேக்கே இல்லை, காற்று. பெரும்பாலான ஏடிவி டயருக்கு ஐந்து பி.எஸ்.ஐ. சுற்றித்தான் காற்று. ஒன்றில் நான்கு, மற்றதில் ஏழு இருந்தாலே இழுக்கும். பங்க் மீட்டர் அவ்வளவு குறைந்த காற்றை ஒழுங்காகக் காட்டாது. டேப்பை வைத்து இரண்டு டயரின் சுற்றளவையும் அளந்து பாருங்கள்.

சொத்தவிளை மணல்:
கடல் உப்பு. என் வண்டியில் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) பிஸ்டனே துருவேறி நின்றுவிட்டது.

மலையோரம்:
300 சிசி, டிஸ்க், ஆயில். வலது பக்கம் இழுக்கிறது. காற்று சரி. கடற்கரைக்கே போனதில்லை, குலசேகரத்துக்கு மேலே எஸ்டேட்டில்தான் ஓட்டம். வலது காலிப்பரைக் கழற்றட்டுமா?

கோட்டாறு பழைய மெக்கானிக்:
தம்பி, அவசரப்படாதீங்க. வலது பக்கம் இழுத்தால் வலதில் குற்றம் என்று இல்லை. வலது நன்றாகப் பிடித்து, இடது சும்மா இருந்தாலும் அப்படித்தான் இழுக்கும்.
முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுங்க. கியர் நியூட்ரலில், ஃபோர் வீல் ஆஃபில். ஒருத்தரை லிவரை லேசாக அழுத்தச் சொல்லி, இரண்டு வீலையும் கையால் சுற்றிப் பாருங்க. லேசாகச் சுற்றுகிற பக்கம்தான் சோம்பேறி.
லிவரை விட்ட பிறகும் ஒரு வீல் இறுக்கமாகவே இருந்தால் அந்தப் பக்கக் காலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைக் கொஞ்சம் திறங்க. உடனே வீல் இளகினால் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடவில்லை. இளகாவிட்டால் பிஸ்டன், அல்லது காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் சிக்கியிருக்கும்.
இன்னொன்று, பால் கேனை எங்கே கட்டுவீங்க?

மலையோரம்:
முன் கேரியரில், இடது பக்கம். ஏன்?

கோட்டாறு பழைய மெக்கானிக்:
சரி. இடது காலிப்பரின் ஸ்லைடு பின்னை முதலில் பாருங்க.

ஷீட்டுக்காரன்:
எதற்கும் பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 5 போடுங்கள், டாட் 4ஐ விட நல்லது.

தக்கலை ஸ்பானர்:
நம்பர் கூடினால் நல்லதா? டாட் 5 சிலிகான். டாட் 3, 4 கிளைக்கால். இரண்டும் கலக்காது. டாட் 5.1 மறுபடி கிளைக்கால். மூடியில் எழுதியிருப்பதை வாசிக்கக் கூடவா முடியாது?

ஷீட்டுக்காரன்:
கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. அதனால்தான் சொன்னேன்.

தக்கலை ஸ்பானர்:
உறிஞ்சினால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றணும். சிலிகானில் போகிற தண்ணீர் கலக்காமல் அடியில் தங்கி அங்கேயே துருப்பிடிக்கும்.

சொத்தவிளை மணல்:
ஆரல்வாய்மொழிக் காற்றில் மழையே பறந்துவிடும், ஓய்.

ஷீட்டுக்காரன்:
நான் டாட் 5 போட்டு நான்கு வருடம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை.

தக்கலை ஸ்பானர்:
ஆகும்.

மலையோரம்:
இடதுதான். பால் சிந்திச் சிந்திப் ஸ்லைடு பின்னை மூடுகிற ரப்பர் பூட்டில் (உறையில்) ஒட்டுப்பாலாகவே, அதாவது உறைந்த ரப்பராகவே, பிடித்திருந்தது, கிழிந்த இடத்தில் உள்ளேயும் போயிருக்கிறது. தட்டித்தான் எடுத்தேன். துடைத்து, சிலிகான் கிரீஸ் போட்டேன். நேராக நிற்கிறது. நன்றி அண்ணே. கேனைப் பின்னால் மாற்றிவிட்டேன்.

கோட்டாறு பழைய மெக்கானிக்:
நல்லது. கிழிந்த பூட்டை மாற்றினீங்களா? பழையதே போட்டிருந்தால் மழையில் மறுபடி சிக்கும். அப்புறம், அந்தப் பக்கப் பேட் சாய்ந்து தேய்ந்திருக்கிறதா பார்த்தீங்களா?

சொத்தவிளை மணல்:
பால் எடுக்கப் போயிருப்பார்.