பென்சில் புள்ளி வைத்த வேகா

ரோஸ்ஹில்காரன் எழுதியது:

தன்பாலீர்ப்புடைய காமிக்ஸ் வாசகர்கள் தங்களைப் போன்ற இன்னொரு வாசகரை முதன்முதலில் எங்கே, எப்படிக் கண்டுகொண்டார்கள் என்று எழுதலாமே எனச் சில நண்பர்கள் கேட்டார்கள். தொடங்குவதற்கு ஆளில்லாததால் என்னுடையதை முதலில் வைக்கிறேன். என் சந்திப்பு ஒரு பென்சில் புள்ளியில் தொடங்கியது.

1985இல் எனக்கு 13 வயது. மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் ஊரில் பிளாஸ் மார்ஜியோ பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பழைய புத்தகக் கடை ஒன்று இருந்தது. படித்து முடித்த இரண்டு இதழ்களைக் கொடுத்து, மேலே கொஞ்சம் சில்லறையும் வைத்தால், நாம் படிக்காத ஓர் இதழை எடுத்துக்கொண்டு வரலாம். மொரீஷியஸில் அமெரிக்கச் சூப்பர்ஹீரோக்கள் எங்களுக்குப் பிரெஞ்சு பேசிக்கொண்டுதான் அறிமுகமானார்கள். லியோன் நகரத்து லுக் பதிப்பகம் 1970 முதல் வெளியிட்டுவந்த ‘ஸ்ட்ரேஞ்ச்’ மாத இதழையும் அதன் துணை இதழ்களையும் படித்து வளர்ந்தவர்களுக்கு உல்வரின் என்றால் யாரென்று தெரியாது, அவன் ‘செர்வால்’. ஸ்டார்ம் என்பவள் ‘தொர்னாத்’. ஐஸ்மேன் ‘ஐஸ்பெர்க்’. 1949ஆம் ஆண்டின் சிறார் பத்திரிகைச் சட்டத்துக்குப் பயந்து அந்தப் பதிப்பகத்தார் மூலப் படங்களில் கைவைப்பதும் உண்டு. குத்து விழும் இடத்தில் தெறிக்கும் ஒலியெழுத்துகளையும் வேகக் கோடுகளையும் அழித்துவிடுவார்கள் என்பதால், எங்கள் வீரர்கள் பல பக்கங்களில் காற்றோடு மல்லுக்கட்டுவது போலவே தெரிவார்கள். அதுதான் அமெரிக்கப் பாணி போலும் என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்துப்போனவன் ‘வேகா’. ஆங்கிலத்தில் நார்த்ஸ்டார். கனடாவின் ஆல்ஃபா ஃப்ளைட் குழுவைச் சேர்ந்தவன். 1979இல் ‘எக்ஸ்மென்’ என்ற சூப்பர்ஹீரோ குழுவின் தொடரில் 120ஆம் இதழில் முதன்முதலாக வந்தவன். ஜான்-போல் போபியே என்பது அவனுடைய இயற்பெயர், மொன்றியால் அவனுடைய ஊர், பனிச்சறுக்கு வீரன், தலைக்கனம் பிடித்தவன். அவனும் இரட்டைச் சகோதரி ஆரோராவும் கைகோத்தால் கண்ணைக் கூசவைக்கும் ஒளி பிறக்கும். ஆங்கில மூலத்தில் அவன் பேச்சுக்கிடையே பிரெஞ்சுச் சொற்கள் விழும். அதை வைத்தே அவன் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பவன் என்று வாசகருக்குப் புரியும். எல்லோருமே பிரெஞ்சு பேசும் எங்கள் பதிப்பில் அந்த வேறுபாடு காணாமல் போய்விட்டது. அப்படியிருந்தும் அவன் தனித்தே தெரிந்தான். மற்ற வீரர்களுக்குக் காதலியைப் பற்றிக் கவலை. இவனுக்கு அப்படி ஒருத்தி இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. வீட்டில் கிரியோலும் பள்ளியில் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் பழகிய எனக்கு, என்னைக் குறிக்க இந்த நான்கு மொழிகளில் தெரிந்திருந்த ஒரே சொல் ‘பிலோன்’ என்ற கிரியோல் வசைதான். ‘தன்பாலீர்ப்பாளர்’ என்ற சொல்லைத் தமிழில் நான் படித்தபோது என் தலைமுடி நரைத்துவிட்டது.

அந்தக் கடையில் எடுத்த இதழ் ஒன்றில், வேகா வரும் கட்டங்களின் ஓரத்தில் மட்டும் சிறு பென்சில் புள்ளி வைக்கப்பட்டிருந்தது. முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். அடுத்த மாதம் எடுத்த வேறோர் இதழிலும் அதே புள்ளி இருந்தது; ஆரோரா தனியாக வரும் கட்டங்களில் இல்லை, தலைவன் வரும் கட்டங்களில் இல்லை, வேகாவுக்கு மட்டும்தான் இருந்தது. அதன் பிறகு நான் கடைக்குப் போனால் கதையைப் பார்ப்பதில்லை. பக்கங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, புள்ளி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இந்த ஊரில் எனக்கு முன்னால் ஒருவர் இதே முகத்தைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

1992இல் ஆல்ஃபா ஃப்ளைட் 106ஆம் இதழில், எய்ட்ஸ் நோயுடன் கைவிடப்பட்ட ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்க்க முயலும் நார்த்ஸ்டார், தான் தன்பாலீர்ப்பாளன் என்று வாய்விட்டுச் சொன்னான். ஆக்கியவரான ஜான் பைர்ன் அவனைத் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் கற்பனை செய்திருந்தார் என்பதும், அந்நாளைய ஆசிரியர் குழு அதற்கு இடம் தரவில்லை என்பதும் பின்னால் தெரிந்தவை. 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை இதைப் பற்றிய மறைமுகக் குறிப்பைக்கூடத் தடைசெய்திருந்தது. 1989இல்தான் அந்த விதி தளர்ந்தது. செய்தியைப் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் நான்கைந்து வரியாகப் படித்தேன். படித்த அன்றே கடைக்குப் போய், புள்ளி வைத்த இதழ்களைக் கொண்டுவருபவர் யார் என்று கேட்டேன். பக்கத்து ஊரான போ பாஸனில் அச்சுவேலை பார்க்கும் ஒருவர், சனிக்கிழமை காலையில் வருவார் என்றார் கடைக்காரர்.

மூன்று சனிக்கிழமை காத்திருந்தேன். மூன்றாவது வாரம் குடையும் துணிப்பையுமாக வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், விரல் நுனிகளில் மை. நம்மவர் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்ததால் தமிழில் “அண்ணா” என்று கூப்பிட்டேன். பையிலிருந்து ஓர் இதழை எடுத்து, புள்ளியைக் காட்டி, எதற்கு என்று கேட்டேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, புள்ளியையும் பார்க்கவில்லை.

“காது,” என்றார். “இவன் காதை வரைந்து பாருங்கள் தம்பி. கூராக இருக்க வேண்டும்; நரிக்காதாகவும் ஆகிவிடக் கூடாது. பழகுவதற்காகப் புள்ளி வைத்தேன்.”

வேகாவுக்குக் கூர்மையான காதுதான். ஆரோராவுக்கும் அதே காதுதானே என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த ஆண்டுத் தைப்பூசத்தில் அவர் காவடி எடுத்து வெறுங்காலுடன் நடந்து வந்ததைப் பார்த்தேன். அவர் மனைவி பால் செம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். தலையசைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள், நானும் அவரும் இதழ்களை மாற்றிக்கொண்டோம், கதைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசினோம்; அதைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

1838ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 250ஆம் பிரிவு எங்கள் தலைக்கு மேல் அத்தனை காலமும் இருந்தது. ஐந்து ஆண்டு வரை சிறை. எங்கள் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 4 அன்று, வயது வந்த ஆண்களின் சம்மதத்துடன் நடப்பதற்கு அந்தப் பிரிவு பொருந்தாது, அது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அன்று இரவு தொலைபேசி அடித்தது. “தம்பி, அந்தப் புள்ளி காதுக்காக மட்டும் வைத்ததில்லை,” என்றார் அவர். நான் பதில் சொல்வதற்குள், போன வாரம் நான் தருவதாகச் சொன்ன இதழ் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டார்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் ஐஸ்பெர்க்கும் தன்பாலீர்ப்பாளன் என்று கதையாக்கினார்கள். 1963இல் பிறந்த, எக்ஸ்மென்னின் முதல் ஐவரில் ஒருவன் என்பதால் பலர் கொண்டாடினார்கள். எனக்கு அந்தக் காட்சி இன்றுவரை பிடிக்கவில்லை. அவன் சொல்லவில்லை, பிறர் மனத்தைப் படிக்கும் சக்தி படைத்த ஜீன் கிரே அவனைத் தனியே அழைத்து அவளாகவே சொல்லிவிடுகிறாள். 1,865 சதுர கிலோமீட்டர் தீவில் அப்படிப்பட்ட சக்தி எல்லோருக்கும் இருக்கிறது. என் விஷயத்தில், உறவுக்காரத் திருமணம் ஒன்றின் முந்தைய இரவு, ஏழு கறி விருந்துக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்த பெண்கள் நடுவில் நெருங்கிய உறவினர் ஒருவர் என் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அரிவதை நிறுத்தவில்லையாம். நான் சொல்ல வேண்டியதை வேறொருவர் வாயிலிருந்து அவர் கேட்டார் என்பதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சேந்தெனி வாசகன் எழுதியது:

மொரீஷியஸுக்கு அருகிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் தமிழ் வம்சாவளியினரான எங்களை ‘மலபார்’ என்பார்கள். தமிழ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நான் புதுச்சேரியில் இரண்டு ஆண்டு தங்கிக் கற்றுக்கொண்டேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். பிரான்சின் சட்டம்தான் எங்களுக்கும் என்பதால் உங்கள் 250ஆம் பிரிவு போல ஒன்று எங்களுக்கு இருந்ததில்லை. 2013 முதல் திருமணமும் உண்டு. ஆனால் சட்டத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தூரம் அதிகம்.

என்னுடைய சந்திப்பு அம்மாவுடன்தான். ‘யங் அவெஞ்சர்ஸ்’ தொகுப்பு ஒன்றை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். 2005இல் தொடங்கிய அந்தத் தொடரில் விக்கன், ஹல்க்லிங் என்று இரண்டு பையன்கள் காதலர்கள்; இரண்டாமவன் உருமாறக்கூடியவன், பச்சை நிறம். திரும்பி வந்தபோது அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர்கள் அண்ணன் தம்பியா?”

“இல்லை அம்மா.”

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சரி, உன் இஷ்டம். ஆனால் பச்சை நிறத்தில் ஒருவனை நம் வீட்டுக்கு அழைத்துவந்தால் உன் பெரியம்மா என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொள்,” என்றார். 2020இல் அந்த இருவருக்கும் கதையில் திருமணம் நடந்தபோது அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தாலி இல்லையே என்றுதான் குறைபட்டுக்கொண்டார்.

டர்பன் மாயாவி எழுதியது:

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. முதல் பதிவு எழுதிய ஐயாவிடம் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பதிப்பாளர்கள் ‘இவன் அப்படிப்பட்டவன்’ என்று அறிவித்த பிறகுதான் ஒரு வீரன் நமக்குச் சொந்தமாகிறானா என்ன? என் வீரன் இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவனுடையது. பிரிட்டனிலிருந்து வந்தவன் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போகும் வரை தெரியாது. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுதும் மறைந்துவிடும், அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பத்தாம் வகுப்பில் எல்லாவற்றையும் ஒழுங்காக மறைத்துவிட்டு, ஏதோ ஒரு கையசைவில் மாட்டிக்கொண்டு அடிவாங்கியவனுக்கு இதைவிடப் பொருத்தமான வீரன் யார்? அவனைத் தன்பாலீர்ப்பாளன் என்று யாரும் எழுதியதில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சட்ஸ்வொர்த்தில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய மகன் தன் காதலனைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் இயல்பாகப் பேசினான். தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 9ஆம் பிரிவு பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2006 முதல் ஆணும் ஆணும் சட்டப்படி மணந்துகொள்ளலாம். அவன் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், கைப்பேசியில் இருந்த மாயாவி பக்கங்களைக் காட்டி நான் படித்துச் சொன்னேன். அவன் பாட்டி அடுப்படியிலிருந்து பொருள் சொன்னார்.

“கையுறை போட்டுக்கொண்டால் போதுமே அங்கிள்?” என்று கேட்டான் பையன்.

“சட்டை மறைகிறதல்லவா? கையுறையும் மறைந்துதான் போகும், கை தெரியும்,” என்றேன்.

“அப்படியானால் எதற்கு மறைந்து போக வேண்டும்?”

அவன் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். கதைக்குள் இருந்த பதிலைச் சொல்லிச் சமாளித்தேன்: கொள்ளைக்காரர்களைப் பிடிப்பதற்கு.

ரோஸ்ஹில்காரன் எழுதியது:

டர்பன் நண்பருக்கு: மறைகுறிப்பிலேயே நிறைவு காண்பது எனக்கும் பழக்கம்தான், ஒரு பென்சில் புள்ளியை வைத்துக்கொண்டு ஏழு ஆண்டு ஓட்டியவன் நான். ஆனால் சொல்லாமல் விட்டால் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 106ஆம் இதழில் அத்தனை பெரிதாக அறிவித்த நார்த்ஸ்டாருக்கே 1994இல் தனித் தொடர் போட்டபோது, அந்த விஷயத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. 2012இல்தான் அவனுக்கும் கைல் என்பவனுக்கும் கல்யாணம் செய்து வைத்தார்கள். இருபது ஆண்டு. என் வயதுக்காரர்களுக்கு அது சின்னக் கணக்கில்லை.

சேந்தெனி நண்பருக்கு: பெரியம்மா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. போ பாஸன் அண்ணா போன ஆண்டு தன் வீட்டிலிருந்த மிச்ச இதழ்களை என்னிடம் கொடுத்துவிட்டார். வரிசையாக அடுக்கிப் பார்த்ததில் மூன்று ‘ஸ்ட்ரேஞ்ச்’ இதழ்கள் குறைகின்றன. 1990க்கு முன் அந்தக் கடைக்குப் போனவை, யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள். எங்கள் தீவிலோ ரெயூனியனிலோ யாரிடமாவது வேகாவின் பக்கத்தில் பென்சில் புள்ளி உள்ள பிரதி இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். பதிலுக்கு இரண்டு இதழ் தருகிறேன். ரப்பர் வைத்து அழித்துவிட வேண்டாம்.