உண்ணிச்செடியும் சவுண்டலும் வெட்ட வெட்டத் துளிர்க்கின்றன, என்ன செய்வது?

கேப்பர்மலை_தோட்டம்:
வணக்கம். கடலூர் கேப்பர் மலைப் பக்கம் 12 சென்ட், செம்மண். வீரை, காசான், உலக்கைப்பாலை, வெப்பாலை மரக்கன்றுகள் வைத்து இரண்டு வருடம் ஆகிறது, இடுப்பளவு உயரம். நடுவில் உண்ணிச்செடியும் சவுண்டலும் (சூபாபுல்) புகுந்துவிட்டன. தரையோடு வெட்டினால் ஒரே மாதத்தில் நான்கு கிளையாக வருகிறது. உப்புக் கரைசல் அடிக்கலாம் என்கிறார்கள், அடிக்கலாமா? மழைக்காலத்தில் பெரிய நத்தைகளும் கன்றுகளைத் தின்கின்றன.

செம்மண்_காடு:
உப்பு வேண்டாம் சார். தரிசில் பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் சொல்வார்கள். உங்கள் இடத்தில் அது கன்றுகளின் வேருக்கும் இறங்கும், மண்ணும் கெடும்.

தரையோடு வெட்டுவதுதான் தப்பு. உண்ணிச்செடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் முண்டிலிருந்து. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரைக் கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ வெட்டுங்கள். பிறகு புதரை முண்டோடு புரட்டி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாக வெயிலில் போடுங்கள். படுத்த கிளை ஈர மண்ணைத் தொட்டால் கணுவில் வேர்விடும், அதனால் குவித்துப் போடக் கூடாது. பழம் இருந்தால் முதலில் பழக்கிளையை வெட்டிச் சாக்கில் கட்டுங்கள். சின்னான் குருவியும் மைனாவும் தின்று விதையைப் பரப்பிவிடும்.

சவுண்டலில் பென்சில் கனம் வரை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். அதற்கு மேல் கனமானால் சுற்றி ஒரு அடி தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். காய் பழுப்பாகும் முன்பே முடித்துவிடுங்கள். விதைத்தோல் கெட்டி, மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரே தடவையில் தீராது, ஐப்பசியிலும் தையிலும் நாற்று பிடுங்குவதை வழக்கமாக்குங்கள்.

கேப்பர்மலை_தோட்டம்:
பிடுங்கிய இடம் காலியாகத்தானே இருக்கும், மறுபடி வராதா?

செம்மண்_காடு:
வரும். வெளிச்சம் பட்டாலே முளைக்கும். 2011 தானே புயல் மாதிரி பெரிய காற்றில் கிளை முறிந்து வானம் திறந்தால் களை ஏறுவது அதனால்தான். உங்கள் மரங்களின் கீழ்க்கிளைகளைக் கழிக்காதீர்கள். காலி இடத்தில் 10 செ.மீ. காய்ந்த இலைச்சருகு போடுங்கள். விதை உள்ள கிளையைச் சருகாக்கக் கூடாது. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள், ஒட்டிக் குவித்தால் கரையான் தண்டில் ஏறும். மட்காத சாணமும் வேண்டாம், அது கரையானையும் வேர்ப்புழுவையும் கூப்பிடும்.

ஊசுட்டேரி:
நத்தைக்கு: சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடியற்காலையில் எல்லாம் அடியில் இருக்கும். கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதில் மனிதர்களைத் தாக்கும் புழு இருக்கலாம். கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். செங்கல், தொட்டி அடியில் மண்ணுக்குள் வெள்ளை முட்டைக் குவியல் இருக்கும், அதையும் நசுக்க வேண்டும். முட்டையை விட்டால் அடுத்த மழையில் மறுபடி நூற்றுக்கணக்கில் வரும்.

இன்னொன்று, கொடி என்றாலே களை என்று பிடுங்கிவிடாதீர்கள். ஆதண்டை, வேலிப்பருத்தி இரண்டும் நம் மண்ணுடையவை. வேலிப்பருத்தியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். கன்றின் நுனியை மூடினால் மட்டும் விலக்கி வேலியில் ஏற்றிவிடுங்கள்.