ஒன்பது வருடம் மாத்திரையால் அடக்கி வைத்த நெஞ்செரிச்சல்

சிவகாசி, 48 வயது, ஆண்

நெஞ்செரிச்சல் எப்போது ஆரம்பித்தது என்று மதுரையில் டாக்டர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிதான், "சின்னவள் பிறந்த வருசத்திலிருந்து இருக்கு சார். அவளுக்கு இப்ப ஒன்பது வயசு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நான் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானால், அதிலிருந்து டிசம்பர் கடைசி வரை எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. வேலை முடிந்து 11 மணிக்கு எண்ணெய் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன். அரை மணி நேரத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்து வரும். ஆரம்பத்தில் சோடா, ஈனோ. அப்புறம் அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரை. மெடிக்கலில் போய் "கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்றால் போதும், சீட்டு கேட்க மாட்டார்கள். போட்டால் எரியாது. நாலு நாள் நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக எரியும். சரி, இது இல்லாமல் நமக்கு முடியாது போல என்று தொடர்ந்து வாங்கினேன். நாள்பட்டுச் சாப்பிட்ட இந்த மாத்திரையைச் சட்டென்று விட்டால், கொஞ்ச நாளைக்கு இரைப்பை கூடுதலாக அமிலம் சுரக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் போட்டால்தான் அது முழுதாக வேலை செய்யும் என்பதும் தெரியாது. நான் பரோட்டாவுக்கு அப்புறம் படுக்கப்போகும்போது போட்டுக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளி அன்று காலையில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிடும்போது, விழுங்கிய துண்டு நடு நெஞ்சில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், அதுவும் இறங்கவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும், அப்புறம் மெல்ல இறங்கியது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் அப்படி ஆனது. அப்போதும் சீசன் முடியட்டும் என்று ஜனவரி வரை தள்ளினேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

டாக்டர் நான்கைந்து கேள்விதான் கேட்டார். விழுங்கும்போது அடைக்கிறதா, வலிக்கிறதா? காரணமில்லாமல் எடை குறைந்ததா? மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதா? ரத்த வாந்தி உண்டா? இதில் எதற்காவது ஆமாம் என்றால், மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, உள்ளே பார்த்துவிட வேண்டும் என்றார்.

வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பியில், உணவுக்குழாயின் அடிப்பகுதி முழுக்கப் புண். ரிப்போர்ட்டில் 'லாஸ் ஏஞ்சலிஸ் கிரேடு சி' என்று இருந்தது. ஏ முதல் டி வரை நான்கு படி, என்னுடையது மூன்றாவது. கூடவே ஹயாடஸ் ஹெர்னியா. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் ஓட்டை தளர்ந்து, இரைப்பையின் மேல் பகுதி அது வழியாக நெஞ்சுப் பக்கம் ஏறியிருக்கிறது. இடுப்பைச் சுற்றி டேப் வைத்தார்கள், 98 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாதாம். அந்தத் தொப்பைதான் இரைப்பையை மேலே அழுத்துகிறது என்று படம் வரைந்து காட்டினார். அன்றைக்கே ரத்தமும் எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2. அதாவது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நான் அதற்கு வாசலில் நிற்கிறேன். ரத்த அழுத்தம் 150/96. வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் பிரஷர் பார்த்தேன்.

இன்னொரு விஷயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வருடக்கணக்காக அமிலம் பட்டால் சிலருக்கு உணவுக்குழாயின் உள்தோல் குடலின் தோல் மாதிரி மாறிவிடுமாம். 1950-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பேரட்டின் பெயரில் 'பேரட் உணவுக்குழாய்' என்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது அப்படியே நின்றுவிடும், மிகச் சிலருக்கே புற்றுநோயாகும். எனக்கு இருக்கிறதா என்று இந்தப் புண் ஆறினால்தான் தெரியும். 8 வாரம் கழித்து மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கிறேன்.

தஞ்சாவூர், 44 வயது, பெண்

அண்ணா, உங்கள் மனைவி பேசியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டு நான் உட்கார இரவு 10 ஆகும். செவ்வாய், வெள்ளி விரதம் வேறு. வயிற்றெரிச்சலை விரதத்தால் வந்தது என்றும், மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதால் வந்தது என்றும் நினைத்துக்கொண்டேன். மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை ஒன்றரை வருடம் சாப்பிட்டதை யாரிடமும் சொல்லவே இல்லை.

மகளிர் குழுவில் ஒரு முகாமுக்கு அழைத்துப்போனார்கள். ஹீமோகுளோபின் 7.8, ரத்தம் ரொம்பக் குறைவு. அங்கிருந்த நர்ஸ் அக்கா விடவில்லை. மாதவிடாய், மலத்தின் நிறம், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருக்கிறது. வலி மாத்திரை ஒரு காரணம். இன்னொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டாராம். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள், வாயெல்லாம் கசப்பு. பாதியில் விட்டால் கிருமி பழகிவிடும் என்பதால் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இப்போது ஹீமோகுளோபின் 11.9. அந்தக் களைப்பு என் உடம்பின் சுபாவம் என்று எத்தனை வருடம் நம்பியிருந்தேன்!

நாகர்கோவில், 52 வயது, ஆண்

எரிச்சல் எல்லாமே வயிறு இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் தங்கை வீட்டுக்காரருக்கு 51 வயது. போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் இரவுப் பந்தி முடிந்ததும் மேல்வயிறு எரிகிறது என்றார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. தாடையில் ஒரு மாதிரி இழுக்கிறது என்றும் சொன்னார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று சோடா வாங்கிக் கொடுத்தோம், ஓமத்தண்ணீர் கொடுத்தோம், முதுகை நீவிவிட்டோம். விடிந்ததும் பார்க்கலாம் என்றது நான்தான். நான்கு மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தபோதுதான் கூட்டிப்போனோம். இதயத்தின் அடிச்சுவர்ப் பக்க மாரடைப்பு. அது வயிற்று வலி மாதிரியே வருமாம். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் குறைந்துவிட்டது. இப்போது மாடி ஏறுவதில்லை.

எரிச்சலோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுக்கிற இடத்துக்குப் போங்கள். முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் இன்னொன்று எடுக்கச் சொன்னால் பொறுமையாக இருங்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த ராத்திரி எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

திருப்பூர், 45 வயது, ஆண்

எனக்கும் ஆறு வருடமாக எரிச்சல் இருக்கிறது. எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு நான்கு மாதமாக சட்டைப் பையிலேயே இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், பயம். குழாயை உள்ளே விடும்போது மூச்சு முட்டுமா அண்ணே?

சிவகாசி, 48 வயது

தம்பி, முட்டாது. குழாய் போவது உணவுப் பாதையில், மூச்சுப் பாதை திறந்தே இருக்கும். முதல்நாள் ராத்திரி சாப்பாட்டோடு நிறுத்தச் சொல்வார்கள். போனதும் தொண்டையில் ஒரு ஸ்பிரே அடிப்பார்கள். கசக்கும், கொஞ்ச நேரத்தில் எச்சில் விழுங்குவதே தெரியாத மாதிரி மரத்துப்போகும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையம் கொடுப்பார்கள். குழாய் சுண்டு விரல் பருமன்தான். "விழுங்குங்க" என்று சொல்லும்போது ஒரு முறை குமட்டும். அந்த நேரம் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இரு. சதைத் துணுக்கு எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மயக்க ஊசி வேண்டுமென்றால் கேட்கலாம், ஆனால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். நீ போகிற நாளை இங்கே எழுது தம்பி, நாங்கள் எல்லோரும் விசாரிப்போம்.

என் விஷயம். போன வாரம் இரண்டாவது முறை பார்த்தார்கள். புண் முழுதாக ஆறிவிட்டது. இந்த 8 வாரமும் மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டேன். இரவுச் சாப்பாட்டை அச்சகத்துக்கே கொண்டுபோய் 8 மணிக்கு முடித்துக்கொண்டேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தியிருக்கிறேன், தலையணை அடுக்கினால் இந்தப் பலன் வராது. எடை 4 கிலோ குறைந்திருக்கிறது.

ஆறின இடத்துக்கு மேலே 2 செ.மீ. நீளத்துக்குத் தோல் நிறம் மாறியிருந்தது. துணுக்கு எடுத்து அனுப்பினார்கள், வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. பேரட்தான். ஆனால் செல்களில் கெட்ட மாற்றம் எதுவும் இல்லை. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, 5 வருடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும், நடுவில் அடைத்தால் உடனே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மனைவி அதை ரேஷன் கார்டு வைத்திருக்கிற பையிலேயே போட்டு வைத்திருக்கிறாள். அந்த 5 வருடம் முடியும்போது சின்னவளுக்கு 14 வயது ஆகியிருக்கும். வருகிற வியாழக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். மனைவிக்கு சர்க்கரை, பிரஷர், மார்பக, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாம் பார்க்க இரண்டு பேருமாகப் போகிறோம்.