ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ளோவில் கை வைத்தபோது: பவர் ஆட்டோமேட் அனுபவங்களைப் பகிருங்கள்

முதல் பதிவு

பவர் ஆட்டோமேட்டில் (வேலைகளைத் தானாக நடத்தும் மைக்ரோசாஃப்ட் சேவை) கொள்முதல் கோரிக்கை ஃப்ளோ (தானாக ஓடும் வேலைத்தொடர்) ஒன்று. ஷேர்பாயின்ட் லிஸ்டில் (இணையத்தில் பகிரும் அட்டவணை) புது வரி விழுந்தால் துறைத்தலைவருக்கு மெயில் போகும். கேட்கப்பட்ட திருத்தம் ஒன்றே ஒன்று: முகவரியை ஃப்ளோவுக்குள் எழுதிவைக்காமல், துறைத்தலைவர் லிஸ்டிலிருந்து எடுக்க வேண்டும். லிஸ்டின் வரிகளை எடுத்துவரும் கெட் ஐட்டம்ஸ் சேர்த்து, டைனமிக் கன்டென்டிலிருந்து (முந்தைய படிகள் தந்த மதிப்புகளின் பட்டியல்) முகவரியை 'டு' பெட்டியில் போட்டதும் மெயில் ஆக்‌ஷனைச் சுற்றி அப்ளை டு ஈச் (ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை ஓடும் லூப்) தானாக முளைத்தது. சோதனை லிஸ்டில் இருந்தது ஒரே வரி. ஒரு மெயில் வந்தது, சேவ் ஆனது.

உண்மையான லிஸ்டில் 140 வரி. ரன் ஹிஸ்டரியை (ஃப்ளோ ஓடிய ஒவ்வொரு முறையின் பதிவு) திறந்தால் லூப்பின் தலையில் '1 / 100' என்று நிற்கிறது. ஒரு கோரிக்கைக்கு 100 பேருக்கு மெயில். 140 இல்லாமல் 100 ஏன் என்றால், டாப் கவுன்ட் (எத்தனை வரி வேண்டும் என்ற பெட்டி) காலியாக இருந்தால் கெட் ஐட்டம்ஸ் 100 வரியோடு நின்றுவிடும். மெயில் போக வேண்டிய துறைத்தலைவர் இருந்தது 120ஆவது வரியில். தொடர்பில்லாத 100 பேருக்குப் போன மெயில் அவருக்கு மட்டும் போகவில்லை.

ஃபில்டர் குவெரியில் (எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் பெட்டி) துறைப் பெயரைக் கொடுத்ததும் சரியானது. மதிப்பு எழுத்தாக இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வர வேண்டும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

மறுமொழி 1

ஃபில்டர் போட்டது பாதி வேலைதான் நண்பரே. ஒரே வரி வந்தாலும் கெட் ஐட்டம்ஸ் தருவது அர்ரேதான், அதாவது பட்டியல். லூப் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நாளைக்கு யாராவது அதே துறைக்கு இன்னொரு வரி சேர்த்தால் மறுபடி இரண்டு மெயில். லூப்பையே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை உண்டு.

அவசரத்தில் லூப்பை டெலீட் செய்தால் உள்ளே இருக்கிற மெயில் ஆக்‌ஷனும் சேர்ந்து போய்விடும். முதலில் 'டு' பெட்டியிலிருக்கும் டோக்கனை, அதாவது அங்கே போட்ட டைனமிக் மதிப்பை, அழியுங்கள். அந்த இடத்தில் எக்ஸ்பிரஷனாக (சூத்திரமாக), கெட் ஐட்டம்ஸின் வேல்யூ மீது முதல் வரியை மட்டும் எடுக்கும் ஃபர்ஸ்ட் ஃபங்ஷனைப் போட்டு, அதிலிருந்து முகவரிக் காலத்தை (லிஸ்டின் நெடுவரிசை, column) எடுங்கள். பிறகு ஆக்‌ஷனை லூப்புக்கு வெளியே இழுத்து வைத்து, காலியான லூப்பை அழியுங்கள். சப்ஜெக்டிலோ பாடியிலோ பழைய லூப்பைச் சுட்டும் டோக்கன் ஒன்று மிச்சமிருந்தாலும் சேவ் ஆகாது. இன்வேலிட் டெம்ப்ளேட் என்று பிழை வரும். எந்த ஆக்‌ஷன் எதைத் தேடுகிறது என்பது அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. சிவப்பைப் பார்த்து மூடிவிடாமல் முழுசாகப் படியுங்கள்.

டாப் கவுன்ட் 1 வையுங்கள். பொருந்தும் வரியே இல்லாவிட்டால் 'டு' காலியாகி மெயில் ஆக்‌ஷன் விழும். அதனால் முன்னாலேயே லெங்த் (வந்த வரிகளின் எண்ணிக்கை) பூஜ்ஜியமா என்று ஒரு கண்டிஷன்.

மறுமொழி 2

மெயில் மழை இங்கேயும் உண்டு, காரணம் வேறு. விடுப்பு ஃப்ளோ, ட்ரிகர் (ஃப்ளோவைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு) 'வென் ஆன் ஐட்டம் இஸ் கிரியேட்டட் ஆர் மாடிஃபைட்', அதாவது வரி புதிதாக வந்தாலும் மாறினாலும் ஓடும். கடைசியில் 'பரிசீலித்த நாள்' நிரப்ப ஓர் அப்டேட் ஐட்டம் சேர்க்கப்பட்டது. அதே லிஸ்ட். அப்டேட் ஆனதும் மாடிஃபைட், உடனே அடுத்த ரன், அதன் முடிவில் மறுபடி அப்டேட். மேலாளரின் டீம்ஸில் ஒரே ஆளின் ஒரே விடுப்பு அப்ரூவல் கார்டாக அடுக்கி நின்றது. மதிப்பு மாறாமல் அதையே திரும்ப எழுதினாலும் மாடிஃபைட்தான்.

இதை ஃப்ளோவின் நடுவில் கண்டிஷன் வைத்து அடைக்காதீர்கள், ரன் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருக்கும். ட்ரிகரின் செட்டிங்ஸில் ட்ரிகர் கண்டிஷன் எழுதுங்கள்: நிலை 'புதிது' என்றிருந்தால் மட்டும் ஓடு. ஃப்ளோ தொட்டவுடன் நிலையை மாற்றிவிட வேண்டும். கண்டிஷன் அட் (@) குறியோடு தொடங்கணும். சாய்ஸ் காலமாக (பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் நெடுவரிசை) இருந்தால் காலத்தின் பெயரோடு நிற்காமல் உள்ளே வேல்யூ வரை போகணும். இரண்டு வரி எழுதினால் இரண்டும் உண்மையானால்தான் ஓடும். 'அல்லது' வேண்டுமானால் ஒரே வரிக்குள் ஆர் ஃபங்ஷன்.

எழுத்துப் பிழை வந்தால் ஃபெயில் ஆகாது, ரன்னே இருக்காது. ஹிஸ்டரி வெறுமையாக இருப்பதைப் பார்த்து 'இன்றைக்குக் கோரிக்கை எதுவும் இல்லை' என்று நினைத்துவிடுவோம். அதே எக்ஸ்பிரஷனை அட் குறி இல்லாமல் ஒரு கம்போஸில் (மதிப்பைக் கணக்கிட்டுக் காட்டும் படி) போட்டு, ட்ரூ வருகிறதா என்று பார்த்த பிறகு ட்ரிகருக்கு மாற்றுவது நல்லது.

மறுமொழி 3

பில் ஃபைலின் பெயரில் தேதி சேர்க்கும் சின்னத் திருத்தம். நாள், மாதம், ஆண்டு. மாதத்துக்குச் சின்ன எழுத்தில் இரண்டு எம். சோதித்தது மார்ச் மாதம், காலை 9 மணி 33 நிமிடத்துக்கு. பெயரில் 03 வந்தது, மார்ச்தானே என்று விட்டாச்சு. மாலையில் ஃபோல்டரைப் பார்த்தால் 42ஆவது மாதத்து பில் இருக்கிறது.

சின்ன எம் நிமிடம், பெரிய எம் மாதம். அந்த 03, மார்ச்சின் 03 இல்லை. இப்போதைய நேரத்தைக் கேட்கும் யூடிசி நௌ ஃபங்ஷன் தருவது யூடிசி நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நம் 9:33 அங்கே 4:03. ரொம்பக் கெட்ட தற்செயல். இந்தியாவில் இரவு 12லிருந்து 5:30 வரை ஓடும் ஃப்ளோக்களில் தேதியே முந்தைய நாளாக விழுவதும் இதனால்தான். கன்வர்ட் டைம் ஸோனில் இந்தியா ஸ்டாண்டர்ட் டைம் கொடுத்து மாற்றுங்கள். ரெக்கரன்ஸ் ட்ரிகரிலும் (குறித்த நேரத்தில் ஓடவைப்பது) டைம் ஸோனைக் காலியாக விட்டால் 9 மணி ஃப்ளோ மதியம் 2:30க்கு ஓடும்.

மறுமொழி 4

கான்கரன்சி, அதாவது பல சுற்றுகளை ஒரே நேரத்தில் ஓடவிடுவது. அப்ளை டு ஈச் மெதுவாக ஓடுகிறது என்று இணையாக 20 ஓடவிட்டார்கள். உள்ளே மொத்தத் தொகையைக் கூட்டும் வேரியபிள் (மதிப்பை வைத்திருக்கும் இடம்). ஒரே தரவு, ஒவ்வொரு ரன்னிலும் வேறு மொத்தம். வேரியபிள் ஃப்ளோ முழுவதற்கும் ஒன்றுதான். இருபது சுற்றும் அதையே படித்து அதையே எழுதினால் அப்படித்தான் ஆகும். லூப்புக்குள் வேரியபிள் இருந்தால் கான்கரன்சி வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, யாரும் சொல்லாதது: திருத்துவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும். சேவ் ஆஸ் போட்டுப் பிரதி எடுங்கள். பிரதி ஆஃப் நிலையில்தான் வரும், அப்படியே இருக்கட்டும். ஆக்‌ஷன்களுக்குப் பெயர் வைப்பது முதல் வேலை. கம்போஸ் 7 எது என்று ஆறு மாதம் கழித்து ஒருவருக்கும் தெரியாது. எக்ஸ்பிரஷனில் அந்தப் பெயர்தான் வரும், இடைவெளிக்குப் பதில் அடிக்கோட்டோடு.

ஆஃப் செய்துவிட்டுத் திருத்தினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். வெள்ளி மாலை ஆஃப் செய்து திங்கள் காலை ஆன் செய்தால், இடையில் லிஸ்டில் விழுந்த வரிகளும் பரிசீலனைக்கு வரும். அது வேண்டாமென்றால் ஃப்ளோவை அழித்து மறுபடி உருவாக்க வேண்டும்.

பிழை பிடிக்கும் கிளை வைப்பவர்களுக்கு: வேலையெல்லாம் ஒரு ஸ்கோப்பில் (படிகளின் தொகுப்பு), அடுத்த ஸ்கோப்பின் ரன் ஆஃப்டரில் (முந்தையது எப்படி முடிந்தால் ஓட வேண்டும் என்ற அமைப்பு) 'ஹேஸ் ஃபெயில்ட்', 'ஹேஸ் டைம்ட் அவுட்' டிக். இதோடு நிறுத்தினால், வேலை விழுந்தாலும் ரன் பச்சையாகவே காட்டும், ஏனென்றால் கடைசி ஸ்கோப் வெற்றியாக முடிந்துவிட்டது. எச்சரிக்கை மெயிலுக்குப் பிறகு டெர்மினேட் (ரன்னை முடித்துவைக்கும் படி) வைத்து நிலையை ஃபெயில்ட் என்று கொடுங்கள்.

ட்ரிகரின் கான்கரன்சியைச் சும்மா ஆன் செய்து பார்க்காதீர்கள். லூப்பில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். ட்ரிகரில் உள்ளதை அணைக்க முடியாது, ட்ரிகரையே நீக்கிப் புதிதாக வைக்க வேண்டும்.

மறுமொழி 5

முதல் பதிவின் ஃபில்டர் குவெரி பற்றி. காலத்தின் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் அது வேலை செய்யாது, குவெரிக்குத் தேவை உள்பெயர், அதாவது ஷேர்பாயின்ட் உள்ளே வைத்திருக்கும் பெயர். காலத்தை உருவாக்கும்போதே 'தொகை' என்று தமிழில் கொடுத்தால் ஷேர்பாயின்ட் ஒவ்வொரு குறியையும் ஏழு எழுத்துச் சங்கேதமாக மாற்றுகிறது. த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி: நான்குக்கு 28 எழுத்து. உள்பெயருக்கு 32தான் இடம், 'ஒப்புதல் நிலை' எல்லாம் நடுவிலேயே அறுந்துவிடும். பெயர் அடிக்கோட்டில் தொடங்குவதால் முன்னால் ஓடேட்டா என்ற ஒட்டு வேறு.

காலத்தை முதலில் இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரில் உருவாக்கி, பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றுங்கள். உள்பெயர் முதலில் வைத்ததாகவே நிற்கும், பார்ப்பவருக்குத் தமிழ் தெரியும். ஏற்கெனவே தமிழில் இருந்தால் கெட் ஐட்டம்ஸை ஒருமுறை ஓடவிட்டு, ரா அவுட்புட்டிலிருந்து (அந்தப் படி தந்த மூலத் தரவு) பெயரை அப்படியே நகலெடுங்கள்.

மறுமொழி 6

மறுமொழி 2க்கு ஒரு கேள்வி: திருத்தும்போது நிலுவையில் இருந்த அப்ரூவல்களை என்ன செய்தீர்கள்? ஓடிக்கொண்டிருக்கும் ரன்கள் பழைய அமைப்பிலேயே தொடரும். மேலாளர் இன்று ஒப்புதல் கொடுத்தாலும் அது பழைய வழியில்தான் முடியும். அவற்றை கேன்சல் செய்து, ரீசப்மிட் (மறுபடி ஓடவிடுவது) கொடுத்தால் அதே ட்ரிகர் தரவு புதிய அமைப்பில் ஓடும். ரன் ஹிஸ்டரி 28 நாள்தான் இருக்கும், ரன்னின் ஆயுளும் 30 நாள்தான். நிலுவை ரன்களின் பட்டியலை இன்றே எடுத்துவிடுங்கள்.