பிள்ளைகளுக்குள் ஓரவஞ்சனை செய்துவிட்ட தாய் அதை எப்படிச் சீர்செய்வது?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு 21 வயது. கடைக்குட்டி மகன் இந்த முறை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். நடுவில் ஒரு மகனும் இருக்கிறான். கடைசி மகன் 2009ஆம் ஆண்டு பங்குனியில், இறுதிப்போர் நடந்துகொண்டிருந்த மாத்தளனில் தறப்பாள் கொட்டிலுக்குள் பிறந்தவன். பால் சுரக்காத மார்போடு அவனைப் பங்கருக்குள் வைத்திருந்த நாட்களில், இவன் தப்பிவிட்டால் இவனுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன் என்று மடு மாதாவிடம் அழுது சொன்னேன். அந்த வாக்கை இன்றுவரை அளவுக்கு மிஞ்சியே காப்பாற்றி வருகிறேன் என்பதுதான் என் முறைப்பாடு. அந்த முறைப்பாடும் என்மீதேதான்.

சென்ற மாதம் ஒருநாள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த மூத்தவள், தம்பியின் சோற்றுக் கோப்பையை எடுத்துக் கொடுக்கப் போனாள். சோற்றுக்கு அடியில் நான் மறைத்து வைத்திருந்த பொரித்த முட்டையின் ஓரம் வெளியே தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியால் சோற்றை இழுத்து முட்டையை மறுபடியும் மூடி, கோப்பையை அவனிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அவனுடைய ரியூசன் காசு அவளுடைய சம்பளத்திலிருந்துதான் போகிறது. இப்போது என் கணவர், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் இரண்டு ஏக்கர் உத்தரவுப் பத்திர (அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த) வயலுக்கும் கடைசி மகனையே, தனக்குப் பிறகு அதைப் பெறுகிற பின்னுரித்தாளராகப் பதிய எண்ணுகிறார். அந்த எண்ணத்தை அவருக்குள் விதைத்தவளும் நானே.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். ஆனால் மகளிடம் எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. விவிலியத்தில் இதற்கு வழி உண்டா?

பதில் 1: வவுனியாவிலிருந்து, ஞாயிறு பாடசாலை ஆசிரியர்

சகோதரி, நீங்கள் தொடக்கநூல் என்றும் நாங்கள் ஆதியாகமம் என்றும் சொல்கிற அந்த ஒரே புத்தகம், பாதிக்குமேல் இந்த நோயைப் பற்றியதுதான். ஈசாக்குக்கு ஏசாவும் ரெபெக்காளுக்கு யாக்கோபும் செல்லப்பிள்ளைகள். அதனால் வீடு இரண்டாகி, யாக்கோபு ஊரைவிட்டே ஓடவேண்டி வந்தது. அவ்வளவு பட்டவர், தாம் தகப்பனானபோது அதையே செய்தார். “முதிர்வயதிலே யோசேப்பு தனக்குப் பிறந்ததினால்” அவனை அதிகமாய் நேசித்தார் என்று 37ஆம் அதிகாரம் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. உங்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது பெரிய காரணந்தான். ஆனால் அடுத்த வசனத்தில், மற்றப் பிள்ளைகள் யோசேப்போடு “பட்சமாய்ப் பேசாமலிருந்தார்கள்” என்று வருகிறது. பெற்றவர் பட்சபாதம் காட்டிய வீட்டில் பிள்ளைகளுக்குள் பட்சம் வற்றிப்போயிற்று.

இதைவிட என்னை வருத்துகிற இடம் 42ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம். பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்குப் போய்வந்த பிள்ளைகள், யோசேப்பின் கூடப்பிறந்த தம்பி பென்யமீனையும் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டபோது, யோசேப்பு இறந்துவிட்டதாக நம்பியிருந்த யாக்கோபு “இவன் ஒருவன் மீதியாயிருக்கிறான்” என்று மறுக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு முன்னால் நின்றவர்களும் அவருடைய பிள்ளைகளே. வன்னியில் பிள்ளைகளை இழந்து, எஞ்சியவர்களுள் ஒருவரையே இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்த வசனத்தை நான் பலமுறை வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன்.

இருந்தும், அந்தக் குடும்பம் மீண்டது யூதாவினால். யாக்கோபின் விரும்பப்படாத மனைவி லேயாளின் மகனாகிய அவன், தகப்பனின் செல்லப்பிள்ளைக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக எடுத்துக்கொள்ளும்படி 44ஆம் அதிகாரத்தில் மன்றாடுகிறான். உங்கள் மகள் முட்டையை மூடிக் கொடுத்தாள் என்று வாசித்தபோது எனக்கு யூதாவின் நினைவுதான் வந்தது.

பதில் 2: மல்லாவியிலிருந்து, இரண்டாவதாகப் பிறந்தவன்

அக்கா, நான் வேதம் அதிகம் படித்தவன் அல்லன். காணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் முட்டையை எல்லாரும் மறந்துவிட்டார்கள், காணியை ஒருவரும் மறக்கவில்லை.

உத்தரவுப் பத்திரக் காணி உறுதிக் காணி போன்றதன்று. சிறு துண்டென்றால் கூறுபோட விடமாட்டார்கள். ஆகவே பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்படுகிறதோ, மற்றவர்களின் கண்ணுக்கு அவரே பெற்றோர் தெரிந்தெடுத்த பிள்ளை. பெயர் பதியாமல் விட்டால் பிள்ளைகளுள் ஆணுக்கே முதலிடம் என்று 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த வேறுபாட்டை எடுத்தது. எங்கள் அப்பா அண்ணனின் பெயரைப் பதிந்துவிட்டு ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் இறந்து எட்டாம் நாள், பந்தலும் கழற்றாத வேளையில், பிரதேச செயலகத்துக்குப் போய்வந்த மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வயல் போனதைவிட, அதை மாமாவின் வாயால் கேட்டதுதான் என்னைச் சுட்டது. அண்ணனோடு பேச எனக்கு ஆறு பெரும்போகம் எடுத்தது.

நல்லவேளை, உயிரோடிருக்கையில் அந்தப் பதிவை மாற்ற முடியும். உங்கள் கணவர் இன்னும் பதியவேயில்லை என்றால் மூன்று பிள்ளைகளையும் இருத்திப் பேசிவிட்டுப் பிறகு செயலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். வயல் ஒருவருக்குப் போனால் மற்றவர்களுக்கு வேறு எது போகும் என்பதையும் அன்றைக்கே சொல்லட்டும். உபாகமம் 21ஆம் அதிகாரத்தில், விரும்பப்படாத மனைவியின் மகன் முதற்பேறானவனாக இருந்தால் அவனுடைய இரட்டிப்பான பங்கைப் பிரியமானவளின் மகனுக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது என்று இருப்பதாக எங்கள் போதகர் காட்டினார். மனதில் யார்மீது ஆசை கூடியிருந்தாலும் பங்கில் கைவைக்காதே என்றுதான் எனக்கு அது விளங்கியது.

பதில் 3: முல்லைத்தீவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

முதலாம் பதிலை எழுதிய தம்பியோடு ஒரு விடயத்தில் நான் உடன்படவில்லை. யூதா செய்தது மேன்மையானதுதான். ஆனால் அதை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். பொறுத்துக்கொள்ளும் மூத்த பெண்பிள்ளையைத் தியாகி என்று புகழ்ந்து, அந்தப் புகழையே அவளுக்குச் சம்பளமாகக் கொடுத்துவிடுவது எங்கள் கோயில்களிலும் வீடுகளிலும் பழகிப்போன ஒன்று. யாக்கோபு திருந்தவேயில்லை, மகன்தான் சுமந்தான். நீங்கள் திருந்த விரும்பிக் கேட்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு வேறு வேதபகுதி பொருந்தும்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளையவனுக்குத் தகப்பன் விருந்து வைத்ததால், மூத்த மகன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நிற்கிறான். தனக்கு ஒரு ஆட்டுக்குட்டி தானும் தரப்படவில்லை என்பது அவனுடைய குறை. ஆட்டுக்குட்டியும் முட்டையும் ஒன்றுதான், மகளே. தகப்பன் அவனை உள்ளே கூப்பிட ஆள் அனுப்பவில்லை, தானே வெளியே போனார். நீங்களும் கிணற்றடிக்குப் போங்கள். “நான் பார்த்தேன், நீ மூடினதையும் பார்த்தேன், பிழை என்னுடையது” என்று சொன்னால் போதும். மாத்தளனையும் பங்கரையும் அப்போது இழுக்காதீர்கள். ஐந்து வயதில் அவளும் அதே மண்ணில்தான் இருந்தாள். அழுது அவளைக்கொண்டு உங்களைத் தேற்றுவிக்கவும் வேண்டாம். அவள் மன்னிக்காமல் எழும்பிப் போனாலும் அன்றைக்கு அது அவளுடைய உரிமை.

இன்னொன்று. உங்கள் கேள்வியைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். நடுவிலானைப் பற்றி ஒரேயொரு வசனந்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னபடி கிணற்றடிக்குப் போய்ச் சொன்னேன். மகள் வாளியை இறக்கிக்கொண்டே கேட்டாள். “சரி அம்மா” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அழவில்லை. காணிப் பதிவைக் கணவர் ஒத்திவைத்திருக்கிறார். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லாரையும் இருத்திப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நடுவில் மகனைப் பற்றியும் எழுதுகிறேன். நேற்று இரவு மூன்று முட்டை பொரித்து, மூன்று கோப்பையிலும் சோற்றுக்கு மேலே, எல்லாருக்கும் தெரியும்படி வைத்தேன். அவன் தன்னுடையதை எடுத்து அக்காவின் கோப்பையில் வைத்தான். ஏன் என்று கேட்டேன். “நான் முட்டை சாப்பிடுகிறதில்லை அம்மா. முகாமில் இருந்த காலத்திலிருந்தே சாப்பிடுகிறதில்லை” என்றான். மூத்தவளுக்கு அது தெரிந்திருந்தது, கடைசி மகனுக்கும் தெரிந்திருந்தது.